நாள் முழுக்க நிற்கிற காலுக்கு

போன வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தேன், வலது குதிகாலில் சுருக்கென்று ஏறியது. ராத்திரி சாப்பிட்ட இடத்தில் கிடந்த மீன் முள்ளைத்தான் மிதித்துவிட்டேன் என்று நினைத்து லைட்டைப் போட்டுத் தரையெல்லாம் தேடினேன். தரையில் ஒன்றும் இல்லை, காலிலும் ஒன்றும் இல்லை. நொண்டி நொண்டி அடுக்களைக்குப் போய்ச் சாயா போட்டு முடிப்பதற்குள் வலி பாதியாகக் குறைந்திருந்தது, வில்லுக்குறியில் பஸ் ஏறும்போது மறந்தே போனது. மறுநாள் காலை மறுபடியும் அதே மீன் முள்.

இப்படியே ஒன்றரை மாதம் ஓட்டினேன். தைலம் தேய்த்தேன், உப்புப் போட்ட வெந்நீரில் கால் வைத்தேன், செங்கல்லைச் சூடாக்கி எருக்கு இலை வைத்து ஒத்தடம் கொடு என்று மாமியார் சொன்னதையும் செய்தேன். காலில் என்ன போட்டிருக்கிறேன் என்று மட்டும் குனிந்து பார்க்கவில்லை.

நான் நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் காட்டன் சேலைப் பிரிவில் பதினொரு வருஷமாக நிற்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் இப்படித்தான் 'நிற்கிறேன்' என்று வாயில் வரும். காலை ஒன்பதரைக்குள் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி எட்டரைக்கு வெளியே வரலாம், நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், சாயாவுக்கு இரண்டு தடவை பத்துப் பத்து நிமிஷம். மிச்சமெல்லாம் டைல்ஸ் தரையில். ஓணத்துக்கு ஆரம்பிக்கிற கூட்டம் தீபாவளி, சவேரியார் கோயில் திருவிழா என்று ஏறிக்கொண்டே போய்க் கிறிஸ்துமஸில்தான் இறங்கும், அந்த நான்கு மாதமும் பத்து மணியாகும் வீட்டுக்குக் கிளம்ப. பட்டுப் பிரிவில் இருப்பவர்கள் வெள்ளை விரிப்பின் மேல் வெறுங்காலோடு, எங்களைப் போல கவுன்டரில் நிற்பவர்கள் கறுப்புச் செருப்போடு. செருப்பு கறுப்பாக இருக்க வேண்டும், ஹீல் சத்தம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. அந்த விதிக்கு நூற்றுத்தொண்ணூறு ரூபாய் செருப்பே போதும், நானும் பதினொரு வருஷமாக அதைத்தான் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தேன்.

உண்மையைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, வடசேரியில் செருப்பு தைக்கிற அண்ணாச்சி. வார் அறுந்துவிட்டது என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாரைப் பார்க்கவில்லை, இரண்டையும் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது செருப்பில் ஹீலின் வெளி ஓரம் லேசாகத் தேய்ந்திருந்தது, எல்லோருக்கும் தேய்வது போல. வலது செருப்பில் உள்பக்கம் சப்பையாகி, பூப்போட்ட அச்சு அழிந்து, வழுவழு என்று இருந்தது. "நீ வலது கால்லதான் சாஞ்சு நிப்ப, இல்லியா மக்ளே?" என்றார். என்னை அவர் கடையில் பார்த்ததே இல்லை. கவுன்டருக்கு அடியில் உள்ள பலகையில் இடது கால் விரல்களைச் சும்மா வைத்துக்கொண்டு முழுப் பாரத்தையும் வலது காலில் போட்டு நிற்பது என் பழக்கம், அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் ஹீல் பகுதியில் கட்டை விரலை வைத்து அழுத்தினார், குழி விழுந்தது, விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. பாரம் விழாத நடுப்பகுதியில் அதே மாதிரி அழுத்தினார், எழும்பி வந்தது. "பாத்தியா, இது செத்துப் போச்சு. இதுக்கு வார் தச்சு என்னத்துக்கு?" முப்பது ரூபாய் வேலையை வேண்டாம் என்று சொன்ன மனிதர். அந்தச் செருப்பு வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

டாக்டரிடமும் போனேன். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, குதிகால் எலும்பில் சின்னதாக முள் மாதிரி வளர்ந்திருக்கிறது, அதைப் பார்த்துப் பயப்படாதே, வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அது இருக்கும் என்றார். வலி வேறு இடத்திலிருந்து வருகிறதாம். உள்ளங்காலில் குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை கெட்டியான ஒரு நார்ப் பட்டை ஓடுகிறது, வில்லுக்கு நாண் மாதிரி. பாதத்தின் வளைவைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். மணிக்கணக்காக நிற்கும்போது பாரம் இறங்கி வளைவு தட்டையாகும், நாண் இழுபடும், இழுபட்டு இழுபட்டுக் குதிகாலில் அது ஒட்டியிருக்கிற இடம் புண்ணாகிவிடும். ராத்திரி தூங்கும்போது அது இறுகிச் சுருங்கிக் கிடக்கும். காலையில் முதல் அடியில் திடீரென்று விரிக்கிறோம், அதுதான் என் மீன் முள். பெரும்பாலானவர்களுக்கு ஊசி, ஆபரேஷன் எதுவும் இல்லாமலே சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும் என்றார். கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, எடை கொஞ்சம் குறைய வேண்டும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, நல்ல செருப்பு. இவ்வளவுதான் மருந்து. மாத்திரை ஐந்து நாளைக்கு மட்டும் எழுதினார்.

நல்ல செருப்பு என்றால் எது? அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேராகப் போய் இருப்பதிலேயே மெத்தென்று இருந்த ஒன்றை எண்ணூறு ரூபாய்க்கு வாங்கினேன். அழுத்தினால் விரல் புதைகிற மெமரி ஃபோம். கடையில் போட்டுப் பார்த்தபோது மேகத்தில் நிற்பது போல இருந்தது, பத்து நாள் அப்படியே இருந்தது. மூன்றாவது வாரம் குதிகாலோடு முழங்காலும் வலிக்க ஆரம்பித்தது.

ஏன் என்று புரிய வேண்டுமானால் வீட்டில் பஞ்சு மெத்தை மேல் ஏறி நின்று சேலை கட்டிப் பாருங்கள். கொசுவம் வைக்கிற அந்த இரண்டு நிமிஷத்துக்குள் கணுக்கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடி, விழாமல் இருக்கக் காலில் உள்ள தசை எல்லாம் வேலை செய்யும். மெத்தென்ற செருப்பில் பத்து மணி நேரம் நிற்பதும் அதேதான், ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு, அவ்வளவு இளகிய ஃபோம் பாரம் பட்டுப் பட்டுச் சீக்கிரம் அமுங்கிவிடும், அமுங்கின பிறகு நாம் தரையில்தான் நிற்கிறோம், காசு கொடுத்து. மெத்தென்று இருப்பது வேறு, தாங்குவது வேறு. இதை நான் எண்ணூறு ரூபாய் கொடுத்துப் படித்தேன், நீங்கள் இலவசமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

மறுபடி வாங்கப் போகும்போது வேலை முடிந்து ராத்திரி எட்டே முக்காலுக்குப் போனேன், வேண்டுமென்றேதான். பகல் முழுக்க நின்ற கால் சாயங்காலத்துக்குள் வீங்கியிருக்கும். லீவு நாள் காலையில் போய் அளவு பார்த்து வாங்கினால் அது லீவு நாள் காலின் அளவு, வேலை நாள் காலுக்குப் பிடிக்கும், கடிக்கும். போவதற்கு முன்னால் கடையிலேயே பில் போடுகிற காகிதத்தின் பின்பக்கம் இரண்டு காலையும் ஊன்றி நின்று சுற்றிக் கோடு போட்டு எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்து வரையக் கூடாது, நின்றால்தான் பாதம் பரவும். அந்தக் காகிதத்தின் மேல் செருப்பை வைத்துப் பார்த்தால் கோடு எங்கேயாவது வெளியே தெரிகிறதா என்று தெரிந்துவிடும். தெரிந்தால் அந்தச் செருப்பு ஒடுக்கம், நீளம் சரியாக இருந்தாலும் வேண்டாம். நம் ஊர்ப் பெண்களின் செருப்பில் முக்கால்வாசி அந்தச் சோதனையிலேயே தோற்றுப்போகும், விரல் பக்கம் கூம்பிக்கொண்டே போகும்.

கல்யாணம் ஆனதிலிருந்து என் சைஸ் ஐந்து. இரண்டு பிள்ளை பெற்ற பிறகும், நாற்பது நெருங்கின பிறகும் ஐந்து என்றுதான் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். வயசாக ஆக, பிள்ளைப் பேற்றுக்கு அப்புறம், பாதம் கொஞ்சம் நீளும், அகலும், யாரும் நமக்குச் சொல்வதில்லை. அன்றைக்கு அளந்தால் வலது ஐந்தரை, இடது ஆறு. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும் (சிலருக்குப் பெருவிரலைவிடப் பக்கத்து விரல் நீளம், அவர்கள் அதிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும்). ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும், நம் ஊர் நம்பர் பிரிட்டன் கணக்கு, அமெரிக்கக் கணக்கில் அதே நம்பர் சின்ன செருப்பாக வரும்.

அப்புறம் செருப்பை எடுத்து முறுக்கினேன். விற்கிற பையன் "அக்கா, துணி பிழியுற மாதிரி பிழியாதீங்க" என்றான். ஆனால் பிழியத்தான் வேண்டும். இரண்டு கையாலும் முன்னும் பின்னும் பிடித்துத் திருகினால் லேசாகத்தான் திரும்ப வேண்டும், துணி மாதிரி சுருண்டால் அதில் தாங்கல் இல்லை. மடக்கினால் விரல்கள் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் புத்தகம் மாதிரி மடங்கினால் கீழே வைத்துவிடலாம். ஷூ என்றால் பின்பக்கம் குதிகாலைச் சுற்றி வருகிற சுவரைக் கட்டை விரலால் உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும், விறைப்பாக எதிர்க்க வேண்டும். செருப்பு என்றால் பின்வார் கட்டாயம். பின்வார் இல்லாத செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் தன்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், நாள் முழுக்க. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றுவிட்டு விரல்களைப் பாருங்கள், சுருண்டு போயிருக்கும். முழுக்கத் தட்டையாகவும் இருக்கக் கூடாது, குதிகால் பக்கம் ஒரு விரல் கனம் உயர்ந்திருந்தால் அந்த நார்ப் பட்டையின் இழுப்பு குறையும். ஹை ஹீல்ஸ் பற்றி நான் பேசப் போவதில்லை, அதைப் போட்டுக்கொண்டு பத்து மணி நேரம் நிற்கிறவர்கள் என்னைவிடத் தைரியசாலிகள்.

கடைசியில் இரண்டு வாங்கினேன். ஒன்று எம்.சி.ஆர். செருப்பு, அறுநூற்றைம்பது ரூபாய், கறுப்பு, பின்வாரோடு. அதை 'சுகர் செருப்பு' என்றுதான் இங்கே கேட்பார்கள், கிழவிகள் போடுவது என்று இளசுகள் முகத்தைச் சுளிக்கும். எம்.சி.ஆர். என்றால் மைக்ரோ செல்லுலார் ரப்பர், அதாவது நுண்துளை ரப்பர். ஃபோம் மாதிரி இளகி அமுங்காது, அமுங்கினாலும் எழும்பி வரும். அதன் கதை சர்க்கரைக்கு முன்னாலேயே தொடங்குகிறது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், நம் கொல்லிமலையில் பிறந்தவர், தொழுநோயாளிகளின் கை கால்களைச் சரிசெய்யப் பாடுபட்டார். உணர்ச்சி இல்லாத காலில் ஒரே இடத்தில் பாரம் விழுந்து விழுந்துதான் புண் வருகிறது, அந்தப் பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிட்டால் கால் பிழைக்கும் என்று கண்டு, அவரும் கூட வேலை செய்தவர்களும் எது எதிலோ செருப்பு செய்து பார்த்துக் கடைசியில் வந்து சேர்ந்த பொருள்களில் ஒன்று இந்த நுண்துளை ரப்பர். உணர்ச்சி உள்ள காலுக்கும் அது பாரத்தைப் பரப்பத்தானே செய்யும்? எனக்குச் செய்தது. வளைவுக்குத் தாங்கல் வைத்த மாதிரி பார்த்து வாங்கினேன், சும்மா தட்டையாக இருப்பது எனக்கு உதவாது.

இரண்டாவது ஷூ, இரண்டாயிரத்து முந்நூறு. கறுப்பு, லேஸ் வைத்தது. சேலைக்குக் கீழே ஷூ என்று முதல் வாரம் கிண்டல் ஓடியது, சூப்பர்வைசர் இரண்டு தடவை பார்த்தார், விதியில் கறுப்பு என்றுதானே இருக்கிறது என்றேன், போய்விட்டார். லேஸ் முக்கியம், மத்தியானத்துக்கு மேல் கால் வீங்கும்போது தளர்த்திக்கொள்ளலாம். உள்ளே வருகிற இன்சோல் எப்போதுமே காகிதம் மாதிரிதான் இருக்கும், அதைக் கழற்றிவிட்டு நடுவில் வளைவு தூக்கலாகவும் குதிகால் பள்ளமாகவும் உள்ள ஒன்றைத் தனியாக வாங்கிப் போட்டேன். அது அழுத்துகிற இடம் முதல் சில நாள் உறுத்தும். ஒரே நாளில் பத்து மணி நேரம் போடாதீர்கள், இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டு வாங்கியதற்குக் காரணம் மழையும்தான். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, இரண்டு தடவை நனைவோம். நனைந்த ஷூ ஒரு ராத்திரியில் காயாது, ஈரத்தோடு போட்டால் விரலிடுக்கில் புண். பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் வைப்பேன், வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். மழை இல்லாத நாளிலும் மாற்றி மாற்றிப் போட்டால் அமுங்கினது எழும்ப ஒரு நாள் கிடைக்கிறது. கணக்குப் பார்த்தேன், நூற்றுத்தொண்ணூறு செருப்பு வருஷத்துக்கு மூன்று, அதோடு தைலம், எக்ஸ்ரே, டாக்டர் ஃபீஸ், இரண்டு நாள் சம்பளப் பிடித்தம். ஷூ ஒன்றும் பெரிய விலை இல்லை.

உள்ளங்காலில் முள்முள்ளாகக் குத்துகிற அக்குபிரஷர் செருப்பை ஒரு அக்கா சிபாரிசு செய்தார். காலையில் பத்து நிமிஷம் முற்றத்தில் நடக்கலாம், சுகமாக இருந்தால் சரி. அதில் நின்று வேலை பார்க்காதீர்கள். 'ஆர்த்தோ' என்று மேலே அச்சடித்திருப்பதை நம்பியும் வாங்காதீர்கள், அச்சடிக்கக் காசு வேண்டாம். முறுக்கிப் பாருங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் சொல்வது போதாது. என் மாமியாருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஒரு நாள் செருப்புக்குள் கிடந்த சேஃப்டி பின்னோடு சந்தைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறார், ரத்தத்தைப் பார்த்தபிறகுதான் தெரியும். விரலிடுக்கில் குச்சி வருகிற செருப்பு அவர்களுக்கு ஆகாது, அங்கேதான் புண் தொடங்கும். போடுவதற்கு முன்னால் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். செருப்பை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இதெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. எந்தச் செருப்பும் ஒரு ஸ்டூலுக்கு ஈடாகாது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் நம்மைப் போல ஜவுளிக்கடைகளில் நின்ற பெண்கள், விஜி என்கிற தையல்காரர் முன்னால் நிற்க, பெண்கூட்டு என்று சேர்ந்து வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு 2018-ல் கேரளாவில் உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வைத்தார்கள். 2021-ல் நம் தமிழ்நாட்டிலும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதுப் பிரிவு சேர்த்தார்கள், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும் என்று. எங்கள் பிரிவிலும் ஸ்டூல் வந்தது. இரண்டு. அதன் மேல் கேரி பேக் கட்டு இருக்கும். எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தால் யாரும் எழுந்திரு என்று சொல்வதில்லை, ஆனால் ஒரு பார்வை இருக்கிறதே, அது போதும். ஷூ வந்தபிறகு எனக்கு அந்தப் பார்வைக்கும் கொஞ்சம் தோல் தடித்துவிட்டது, மூன்று மணிக்குக் கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காருகிறேன்.

உட்கார முடியாதபோது என்ன செய்கிறோம் என்றால், சேலை வருகிற அட்டைப்பெட்டிகளைப் பிரித்து நான்கு மடிப்பாகக் கவுன்டருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறோம். டைல்ஸின் குளிர்ச்சியும் கடினமும் அந்த அட்டையில் பாதி போகும். பலகையில் கால் வைக்கிற பழக்கத்தை விடவில்லை, கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை காலை மாற்றுகிறேன். அசையாமல் நிற்பதுதான் கெடுதல், நடக்கும்போது கெண்டைத் தசை பம்ப் மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும், நின்றால் அது கீழேயே தங்கும். எங்களில் இரண்டு அக்காமாருக்கு நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. அவர்கள் டாக்டர் சொன்ன இறுக்கமான சாக்ஸ் போடுகிறார்கள், அதைச் செருப்பு தீர்க்காது.

என் குதிகால்? ஐந்து மாதம் ஆனது. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால் ஒரு துண்டை உள்ளங்காலில் மாட்டி என் பக்கம் இழுத்துப் பிடிப்பேன், முப்பது எண்ணுகிற வரை, மூன்று தடவை. ராத்திரி ஃப்ரீசரில் வைத்த தண்ணீர் பாட்டிலைக் காலுக்கு அடியில் உருட்டிக்கொண்டே சீரியல் பார்ப்பேன். கட்டிலுக்குக் கீழே எம்.சி.ஆர். காத்திருக்கும், வெறுந்தரையில் முதல் அடி வைப்பதில்லை. கிறிஸ்துமஸ் கூட்டம் முடிந்த வாரத்தில் ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், இன்றைக்கு முள் குத்தவில்லையே என்று ஞாபகம் வந்தது. இப்போதும் கல்யாண வீட்டுக்குப் பழைய தட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனால் மறுநாள் லேசாக எட்டிப் பார்க்கும்.

போன மாதம் எங்கள் பிரிவில் ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறாள், பத்தொன்பது வயசு. அட்டை மாதிரி சோல் உள்ள பெல்லி ஷூ போட்டு வருகிறாள், சாப்பாட்டு நேரத்தில் பின்படிக்கட்டில் உட்கார்ந்து விரலை அமுக்கிக்கொண்டிருக்கிறாள். நேற்று தையல் பிரிவிலிருந்து சாக்பீஸ் வாங்கி, அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, ஏறி நில் என்று சொல்லிச் சுற்றிக் கோடு போட்டேன். இறங்கிப் பார்த்தாள். இடது கால் நன்றாகவே நீளமாக இருந்தது, சுண்டு விரல் பக்கம் அகலமாகவும் இருந்தது. "யக்கா, இது ரெண்டும் வேற வேற ஆளுக்க கால் மாதிரில்லா இருக்கு" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அட்டையை வெட்டி அவள் பையில் வைத்திருக்கிறாள். சனிக்கிழமை சம்பளம். எட்டரைக்கு மேல் இரண்டு பேரும் போகிறோம்.